எல்லாத் தரைக்கும்

“பாப்பாவுக்கு எத்தனை மாசம், கண்ணு?” என்று கடைப்பெண் கேட்டாள். பாப்பா என் இடுப்பில்தான் உட்கார்ந்திருந்தான். அவனுடைய பூட்ஸ் கால்கள் என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தன.

“அம்பத்தாறு,” என்றேன்.

அவள் மனதுக்குள் வகுத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. விடை கிடைத்ததும் சிரிப்பு சற்று விலகி, பிறகு இன்னும் அகலமாகத் திரும்பி வந்தது. அந்த இரண்டாவது சிரிப்பை எனக்கு நன்றாகத் தெரியும். பேருந்து நிறுத்தத்தில், பல் மருத்துவரிடத்தில், நூலகத்தில், எங்கே போனாலும் அதைத்தான் எனக்கு எடுத்து வைத்திருக்கிறார்கள்.

எனக்குப் பின்னால் என் கணவன் டேரன் ஒரு சிவப்புத் தள்ளுவண்டியை ஒரு கையால் தூக்கி, மடக்கி, விரித்து, மறுபடி மடக்கிக்கொண்டிருந்தான். குடை மாதிரி மடங்கும் சாதி. சக்கரங்கள் பிஸ்கட் அளவு இருந்தன. “எவ்ளோ லேசு பாரு லோர்னா,” என்றான். “ஆறு மாசத்துக்கு இது தாராளம். அதுக்குள்ள அவன்...” வழக்கம்போல அந்த வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டு, வண்டியைத் தரையில் வைத்தான்.

நான்கு வருடமாக எங்கள் வீட்டில் அந்த வாக்கியம் முடிந்ததே இல்லை. ரோரி பிறந்தபோது சில நிமிடங்கள் மூச்சில்லாமல் கிடந்தான். அந்த நிமிடங்களில் மூளை எதை இழந்தது என்று டாக்டர்கள் படம் எடுத்து, சுவரில் மாட்டி, கோலால் தொட்டுக் காட்டினார்கள். நானும் டேரனும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்துதான் கேட்டோம். நான் கேட்டது ஒன்று, அவன் கேட்டது வேறு. டேரன் வீடுகளுக்குக் கூரைக்கல் பதிக்கிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் மலையில் ஓடுகிறவன். சேறும் பாறையுமாக, ஆடு போகிற வழியில், நெஞ்சில் எண் குத்திக்கொண்டு ஓடுவான். அவனுடைய அப்பாவும் ஓடினார், அண்ணனும் ஓடினான். அந்தக் குடும்பத்தில் கால் என்பது ரத்தம் மாதிரி. அதனால் அவனுக்கு ஒவ்வொரு வசந்தத்திலும் ‘வர்ற இலையுதிர் காலம்’, ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ‘வர்ற வசந்தம்’.

ஈஸ்டர் திங்கட்கிழமை அவன் வீட்டார் எல்லாரும் நீர்த்தேக்கத்துக்கு மேலே உள்ள மொட்டைக் குன்றில் ஏறுவது வழக்கம். போன வருடம் வரை ரோரி டேரனின் முதுகுப் பையில் உட்கார்ந்து போனான். இந்த வருடம் பைக்குள் அவன் தொடை நுழையவில்லை. கார் நிறுத்துமிடத்தில் எல்லாரும் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது என் மாமியார் மாரீன் என் தோளைத் தட்டி, “நீயும் அவனும் காருக்குள்ளயே இருங்களேன், தங்கம். வெதுவெதுன்னு இருக்கும். நாங்க வந்ததும் சேந்து சாப்பிடலாம்,” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அந்த நல்ல மனதை எடுத்து நீர்த்தேக்கத்தில் எறிய வேண்டும் போல இருந்தது. நான் டேரனைப் பார்த்தேன். அவன் ஏதாவது சொல்வான் என்று பார்த்தேன். அவன் குன்றுப் பாதையின் மரக் கதவைத் திறந்து, தன் அம்மாவுக்காகப் பிடித்துக்கொண்டு நின்று, பிறகு தானும் அந்தப் பக்கம் போய்ச் சாத்தினான்.

கண்ணாடிகளில் ஆவி படிந்தது. மழை வந்தது, நின்றது, மறுபடி வந்தது. நான் ரோரிக்கு முட்டை சாண்ட்விச்சைக் கிள்ளிக் கிள்ளி ஊட்டினேன். மற்ற பிள்ளைகளின் குரல் கேட்கிற திசையிலேயே அவன் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தான். அவர்கள் காற்றில் சிவந்த கன்னங்களோடு இறங்கி வந்து, மேலே ஆட்டுக்குட்டிகளைப் பார்த்த கதையைச் சொல்லிக்கொண்டே மாவுக்குள் பன்றிக்கறி வைத்துச் சுட்ட அப்பத்தை வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். நான் அதை மென்றேன். விழுங்கினேனா என்று நினைவில்லை.

அந்த வாரமே ஊருக்கு வெளியே இருக்கும் இந்தப் பெரிய கடைக்கு வந்தோம். “மலைக்குப் போற மாதிரி ஒண்ணு வாங்கணும்” என்றேன், அவனும் சரி என்றான். சரி என்றவன் குடையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருக்கிறான்.

நான் தேடியது கடையின் கடைசி மூலையில் நின்றது. சாம்பல் நிறம். முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என மூன்று சக்கரங்கள், சைக்கிள் சக்கரம் போல் காற்றடித்தவை. கைப்பிடியில் பிரேக் இருந்தது. பெரிய பிள்ளைகளையும் தாங்கும் இருக்கை, தோளுக்கும் இடுப்புக்கும் குறுக்கே அகலமான வார்கள். யாரோ சொல்லிவைத்துவிட்டு வாங்க வராமல் போய்விட்டார்களாம். நான் ரோரியை அதில் உட்கார வைத்து வாரைப் பூட்டினேன். நான்கு வருடத்தில் முதல் முறையாக அவன் ஒரு பக்கம் சரியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தான். அரசன் மாதிரி கடையை ஒரு சுற்றுப் பார்த்தான்.

டேரன் வந்தான். வண்டியைப் பார்த்தான். சக்கரத்தைப் பார்க்கவில்லை, அந்த வார்களைப் பார்த்தான். “இது அந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குள்ளது,” என்றான்.

“எந்த மாதிரி?”

“லோர்னா, கடையில வெச்சு வேண்டாம்.”

“வீட்டுலயும் வேண்டாம், கார்லயும் வேண்டாம், கடையிலயும் வேண்டாம். பின்ன எங்க வெச்சுதான் பேசறது? சொல்லு, எந்த மாதிரிப் பிள்ளைங்க?”

கடைப்பெண் நாலடி பின்னால் நகர்ந்து, அலமாரியில் இருந்த பால் புட்டிகளை நேராக்கத் தொடங்கினாள். டேரன் காது நுனி வரை சிவந்தான். “நீதான் அவன அதுக்குள்ள போட்டுப் பூட்டற,” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கார் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். அந்தக் கதவு தானாகத் திறந்து தானாக மூடுகிற கண்ணாடிக் கதவு. அறைந்து சாத்தியிருந்தால்கூட மரியாதையாக இருந்திருக்கும்.

அதற்குள் கடைப்பெண் மேலாளரைக் கூட்டி வந்திருந்தாள். சட்டையில் பிக்கர்ஸ்கில் என்று பெயர் குத்தியிருந்த ஐம்பது வயதுக்காரர். சாந்தமான குரல். “ஓட்டிப் பாக்கணுமா? நம்ம கடைக்குள்ளயே பாதை போட்டிருக்கோமே,” என்று கை காட்டினார். ரப்பரில் கூழாங்கல்லை ஒட்டி ஒரு கெஜம், பிளாஸ்டிக் புல் ஒரு கெஜம், மணலுக்குப் பதில் மணல் நிறத்தில் ஒரு கம்பளம். நான் தள்ளிப் பார்த்தேன். அது வண்டிக்குக் கிச்சுக்கிச்சு மூட்டக்கூடப் போதவில்லை.

“இது மேல டீ டிராலிகூட ஓடும்,” என்றேன். “வெளிய கொண்டு போய்ப் பாக்கறேன்.”

“அது முடியாதும்மா. சகதி ஒட்டுனா புதுசுன்னு விக்க முடியாது.”

“மேல பலகை மாட்டியிருக்கீங்களே, ‘எல்லாத் தரைக்கும் ஏற்றது’ன்னு. உங்க கம்பளத்துக்கு மட்டும்னு எழுத வேண்டியதுதான?”

அவர் பதில் யோசிப்பதற்குள் நான் நடந்துவிட்டேன். வாசலில் மணி அலறியது. யாரோ “மேடம், மேடம்” என்றார்கள். நான் ஓடவில்லை. திருடுகிறவர்கள்தான் ஓடுவார்கள், நான் கோபமாக நடந்தேன். கார்களுக்கு இடையில் போய், நடைபாதை விளிம்பில் முன் சக்கரத்தைத் தூக்கி ஏற்றி, வளாகத்துக்குப் பின்னால் இருந்த மேட்டை நோக்கித் திருப்பினேன். நெடுஞ்சாலைச் சத்தத்தைத் தடுக்க மண் கொட்டி எழுப்பிய மேடு அது. பிளாஸ்டிக் குழாய்க்குள் நட்ட கன்றுகள், முயல் வளைகள், முள், இரண்டு நாள் மழை குடித்த புல். நல்ல செங்குத்து.

பாதி வரை வண்டி அருமையாக ஏறியது. என் காலணிக்குள் தண்ணீர் போனது, தொடை எரிந்தது. ரோரியின் தலை இப்படியும் அப்படியும் குலுங்க, அவன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறானோ என்று எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து முன் சக்கரம் ஒரு வளைக்குள் இறங்கித் திருகிக்கொண்டது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. நான் முழங்காலில் விழுந்து, இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.

கார் நிறுத்துமிடத்திலிருந்து டேரன் வந்த வேகத்தை நான் பந்தயங்களில்கூடப் பார்த்ததில்லை. மேட்டில் நாலே பாய்ச்சல். கைப்பிடியைப் பற்றி வண்டியை நிமிர்த்தினான். “பைத்தியமா உனக்கு? கவுந்திருந்தா?”

“கவுந்துச்சா? பாரு, வார் புடிச்சிருக்கு. நீ வேண்டாம்னியே, அந்த வார்.” எழுந்தேன். “கைய எடு, டேரன்.”

“எடுத்தா உருண்டுரும்.”

“நான் புடிச்சுக்குவேன். ஈஸ்டர் அன்னிக்குக் கதவச் சாத்திட்டுப் போனீல்ல, அது மாதிரி போ.”

அவன் கையை எடுக்கவில்லை. மழைத்தூறல் அவன் இமையில் நின்றது. கீழே பிக்கர்ஸ்கில் மூச்சிரைக்க வந்து நின்று, சக்கரத்தில் அப்பியிருந்த சேற்றைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். “இனி இத எவன் வாங்குவான்? சொன்னா கேக்கறதில்ல. ஏம்மா, இவ்ளோ பெரிய பையன், ரெண்டு காலால நடக்க வெச்சுக் கூட்டிட்டுப் போனா என்ன?”

டேரன் திரும்பினான்.

“நடக்க மாட்டான்,” என்றான். முதலில் சாதாரணக் குரலில்தான் சொன்னான், யாரோ மணி கேட்டதற்குப் பதில் சொல்வது போல. பிறகு அந்தச் சொல் தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டுவிட்டவன் மாதிரி நிமிர்ந்தான். “நடக்க மாட்டான்யா! என் பையன் நடக்க மாட்டான்! இந்த வருசமும் மாட்டான், அடுத்த வருசமும் மாட்டான்! காதுல விழுதா?” கூரை மேல் நின்று கீழே கல் கேட்கிற குரல் அது. கார்களுக்கு இடையில் சாமான்களோடு நின்றவர்கள் எல்லாரும் மேலே பார்த்தார்கள்.

இந்தச் சொல்லுக்காக எத்தனை நாள் காத்திருந்தேன். அது வரும்போது அழுவேன், அவன் கழுத்தைக் கட்டிக்கொள்வேன் என்றெல்லாம் நினைத்து வைத்திருந்தேன். வந்தது கோபம்தான், முன்னைவிட அதிகமாக. எனக்குச் சொல்லவில்லை. எங்கள் படுக்கையில், எங்கள் சமையலறையில் சொல்லவில்லை. சட்டையில் பெயர் குத்திய ஒரு கடைக்காரருக்கு முதலில் சொல்கிறான். நாலு வருடமாக இந்தச் சொல்லைத் தனியாகச் சுமந்தவள் நான்.

“மேல போகணும்,” என்றேன். அவன் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னேன்.

அவன் குனிந்து முன் சக்கரத்தை வளையிலிருந்து தூக்கினான். அதன் பக்கத்தில் இருந்த சின்னக் கொக்கியைத் தடவிக் கண்டுபிடித்துத் தள்ளினான். சக்கரம் திருகாமல் நேராக நின்றது. நான் தள்ளினேன். அவன் முன்னால் பின்பக்கமாக நடந்து, சட்டத்தைப் பிடித்து இழுத்தான். அவன் அழுகிறானா, தூறலா என்று நான் பார்க்கப் போகவில்லை.

உச்சியில் காற்று முகத்தில் அறைந்தது. நெடுஞ்சாலைக்கு அப்பால், மேகத்துக்குக் கீழே மேய்ச்சல் மலைகள் ஒன்றன் பின் ஒன்றாகக் கிடந்தன. அவனும் வண்டிக்குப் பின்னால் வந்து நின்றான்; கைப்பிடியில் என் கைகளும் அவன் கைகளும் இருந்தன, நடுவில் ஒரு சாண் இடைவெளி. கீழே பிக்கர்ஸ்கில் எங்களைப் பின்தொடர்வது என்று முடிவு செய்துவிட்டார். வழவழப்பான கடைக் காலணி. இரண்டடி ஏறினார், ஒன்றரை அடி சறுக்கினார். ஒரு கன்றின் குழாயைப் பற்றினார், அது அவர் கையோடு வந்துவிட்டது. அதைப் பிடித்தபடியே மேலே பார்த்துக்கொண்டு நின்றார். ரோரி வாரை முட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தான். அசைகிற எதற்கும் அவனிடம் இருப்பது ஒரே ஒரு சொல். அதை முழுக் குரலில் அவரை நோக்கி அனுப்பினான்.

“போ!” என்றான். “போ, போ!”