சத்தம் போடாமல் முயல் பிடிப்பது

முயலைத் துரத்திப் பிடித்துவிடலாம் என்று மனதார நம்புகிறவர்கள் அந்தக் குடியிருப்பில் ஒரு பட்டாளமே இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தனை பேரும் பூப்பந்து வலை, துடைப்பம், பழைய பெட்ஷீட் சகிதம் புல்வெளியில் இறங்கினார்கள். செயலாளர் கையில் விசில் வேறு. ஒருவருக்குக் கணுக்கால் சுளுக்கியது, ரோஜாத் தொட்டி ஒன்று உடைந்தது, முயல் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் இருந்த சந்துக்குள் புகுந்துகொண்டது. புகுமுன் ஒரே ஒரு தடவை கத்தியது. முயலுக்குக் குரல் உண்டு என்பதே பலருக்கு அன்றுதான் தெரியும். உயிர் போகப்போகிறது என்று தோன்றினால்தான் அது வாயைத் திறக்கும். கேட்டவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள்.

மூன்றாம் மாடியில் குடியிருந்த லிஃப்ட் மெக்கானிக் அப்போது எங்கோ ஒரு லிஃப்டின் தலைமேல் நின்றுகொண்டிருந்தாள். திரும்பி வந்து விஷயம் தெரிந்ததும் கொதித்துப்போனாள். யாரோ வளர்த்து யாரோ கைகழுவிய அந்த முயலை ஒரு வாரமாக ஒற்றை ஆளாகப் பழக்கிக்கொண்டிருந்தாள் அவள். தினமும் வேலை முடிந்ததும் கம்பித் தட்டிகளைக் கதவில்லாத கூண்டு மாதிரி நிறுத்திவைப்பாள். உள்ளே கொத்தமல்லித் தழையைப் போட்டுவிட்டுத் தள்ளிப்போய்த் தரையில் உட்கார்ந்துகொள்வாள். பயம் தெளிந்து அது உள்ளே வந்து சாப்பிடப் பழகியபின், ஒருநாள் கடைசித் தட்டியை மெல்லச் சாத்தினால் போதும். இன்னும் நாலு நாளில் பழகியிருக்க வேண்டியது, ஒரு விசிலில் பாழாய்ப்போனது.

செயலாளரிடம் போய் நின்றாள். செவ்வாய்க்கிழமை காலை புல்வெளிக்கு மருந்தடிக்க ஆள் வருகிறான், தள்ளிப்போட முடியாது என்றார் அவர். முயல் தின்றால் செத்துப்போகுமே என்றதற்கு, அந்த முயல் எந்த வீட்டிலும் பதிவாகவில்லையே என்றார். பட்டியல்படி பேசுகிற மனுஷர்.

ஆக, மிச்சம் இருந்தது திங்கள் சாயங்காலம் மட்டும். ஒரே மாலையில் பிடித்தாக வேண்டும் என்பதால், முயல் நழுவாமல் தட்டிக்கு மறுமுனையில் உட்கார இன்னொரு ஆள் தேவை. கூட வேலை பார்ப்பவள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து அக்கா வீட்டுக்காரர் தானாகவே போன் பண்ணினார். ஊரார் உயிருக்கெல்லாம் காப்பீடு விற்கிறவர். வீட்டில் எந்தக் காரியத்துக்குக் கூப்பிட்டாலும் "ஒரு கிளையன்டப் பாக்கணும்" என்று நழுவுகிறவர். முயல் சங்கதியைச் சொன்னதும் கிளையன்ட் யாரையும் காணோம், தானே வருகிறேன் என்றார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனுஷனைப் போய் இத்தனை நாள் தப்பாக நினைத்துவிட்டோமே என்று வருந்தினாள்.

வந்தவரைத் தட்டிகளுக்கு உட்புறம், ஓரமாகப் புல்லில் உட்காரவைத்து விதிகளைச் சொன்னாள். எழுந்து நிற்கக் கூடாது. மேலிருந்து கையை நீட்டக் கூடாது, முயலுக்கு அது பருந்து. காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. உதறுகிற உதறலில் அதன் முதுகெலும்பே முறிந்துவிடும். எல்லாவற்றையும்விட முக்கியம், குரலை உயர்த்தக் கூடாது. இருமல் வந்தால்கூட விழுங்கிவிட வேண்டும்.

வெயில் தணிந்தபோது முயல் வந்தது. தொங்கு காது, தவிட்டு நிறம், ஞாயிற்றுக்கிழமை வலையில் மாட்டிய காதுமடலில் கீறல். கொத்தமல்லியை மோந்துகூடப் பார்க்கவில்லை. நேராக மாமாவிடம் போனது. அவர் காலைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தது, இன்னொன்று அடித்தது. பிறகு முன்கால்களை அவர் முழங்காலில் ஊன்றி எழும்பி, சட்டைப் பைக்குள் மூக்கை விட்டது.

பாதியில் நின்ற லிஃப்டுக்குள் இருக்கிறவர்களின் முகத்தை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். மாமாவின் முகம் அப்படி ஆனது.

"மாமா, பையில என்ன?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மா, பிஸ்கட்டு."

அக்காவின் பிள்ளை வளர்த்த, அவள் பார்த்தே இராத முயல்களைத் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டதாக அக்கா சொன்னது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த நண்பர் யாரென்று அக்காவுக்கே தெரியாது. சோஃபாவைக் கடித்துக் குதறியதால் மாமாதான் ஒரு காலையில் பெட்டியோடு கிளம்பினாராம்.

திட்டு வாய்வரைக்கும் வந்தது. கத்தினால் முயல் சந்துக்குள் ஓடிவிடும், விடிந்தால் மருந்து. ஆகவே குழந்தையைத் தூங்கவைக்கிற குரலில், முயலுக்கு இதமாக, ஆரம்பித்தாள்.

"நீங்கல்லாம் ஒரு மனுஷனா மாமா," என்றாள் கொஞ்சலாக. "அசையாதீங்க. சோறுதான திங்கறீங்க? பிஸ்கட்ட எடுத்துக் கீழ வைங்க. மெதுவா. உங்களயும் இப்படி ஒரு பெட்டியில வெச்சு எங்கயாச்சும் விட்டுட்டு வரணும்."

மாமாவும் அதே தாலாட்டில் பதில் சொன்னார். "நீ இருக்கற இடம்னுதாம்மா இங்க விட்டேன். வேற எடத்துல விட மனசு வருமா? நீ பாத்துக்குவேன்னு ஒரு நம்பிக்கை."

பாராட்டுகிற தோரணையில் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அக்கா வீட்டில் ஓடாத டிரெட்மில், கதவு சாத்தாத ஃபிரிட்ஜ், வெளியூர் போகும்போதெல்லாம் மீன்தொட்டி, எல்லாம் வந்து இறங்குவது அவள் வீட்டில்தான். தனியாத்தான இருக்க, இடம் இருக்குமே என்பார்கள். இப்போது உயிரும் வந்து இறங்கியிருந்தது, சொல்லாமல் கொள்ளாமல். ஆத்திரத்தில் தட்டியை இறுக்கிப் பிடித்ததில் அதன் கொக்கி 'கிணுங்' என்றது. முயல் அப்படியே உறைந்தது. அவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அது மறுபடி பிஸ்கட்டில் வாய் வைத்ததும் தட்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்திக் கொக்கியை மாட்டினாள்.

கூண்டு மூடியது. உள்ளே முயலும் மாமாவும்.

தட்டியைத் தாண்டி உள்ளே போய், துண்டால் முயலின் கண்ணை மூடி, ஒரு கையை நெஞ்சுக்கடியிலும் ஒரு கையைப் பின்கால்களுக்கு அடியிலும் கொடுத்து அள்ளினாள். துண்டுக்குள் அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பெட்டியில் வைத்து மூடியபின், அடக்கிவைத்த அத்தனையையும் கொட்ட வாயைத் திறந்தாள்.

"அப்பாடா," என்றார் மாமா. "இன்னொண்ணு எங்கம்மா?"

"இன்னொண்ணா?"

"ஜோடியாத்தான விட்டேன். வெள்ளை. அது இதவிட சாது. தனியா விட்டா ஏங்கிப்போயிடும்னு..."

திறந்த வாயை மூடிக்கொண்டாள். சந்துக்குள் அது இருக்கலாம். இருந்தால் கேட்டுக்கொண்டிருக்கும்.

"உக்காருங்க மாமா," என்றாள் தேன் ஒழுக. ஒரு தட்டியைத் திறந்துவைத்தாள். "பிஸ்கட்ட உள்ளங்கையில வெச்சு நீட்டுங்க. எழுந்தீங்கன்னா கால ஒடச்சிடுவேன்."

"ஒரு கிளையன்ட..."

"போன அணைச்சு வைங்க."

ஒரு வாரத்தில் வெள்ளையாக ஒரு முடிகூடக் கண்ணில் படவில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை. முயலை மூன்றாம் மாடியில் தன் வீட்டில் இறக்கி, தண்ணீர் வைத்து, கதவைச் சாத்தினாள். பிறகு மறுபடி லிஃப்டில் ஏறினாள். செயலாளர் வீடு ஐந்தாம் மாடி. வெள்ளை கிடைக்கும்வரை மருந்து நிற்க வேண்டும். அங்கே குரலை உயர்த்தக் கூடாது என்று விதி ஒன்றும் இல்லை.