ஜெராக்ஸின் அசல் ஸ்லைடு

எங்கள் உயிரியல் லேபில் பையன்களுக்கென்றே வாய்த்த சுலபமான பயிற்சி ஒன்று உண்டு. கன்னத்தின் உட்புறத்தைக் குச்சியால் சுரண்டி, கண்ணாடியில் தேய்த்து, சாயம் விட்டு, மைக்ராஸ்கோப்பில் செல்லின் உட்கருவைப் பார்க்க வேண்டும். பெண்களுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு. அதில் ஒன்று வேலைக்கு வராமல் சுருண்டு, உட்கருவின் ஓரத்தில் கரும்புள்ளியாக ஒட்டிப் படுத்துக்கொள்ளும். ஆண்களுக்கு இருப்பதே ஒன்றுதான். அதற்குப் படுக்க வழியில்லை. ஆகவே புள்ளியும் இல்லை. மாணவிகள் கண் வலிக்கத் தேடிக்கொண்டிருக்க, நாங்கள் 'இல்லை' என்று எழுதிவிட்டு கேன்டீனுக்குக் கிளம்புவோம். பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்பதெல்லாம் சம்பிரதாயம்.

என் மேசைக் கூட்டாளி ஜெராக்ஸுக்கு மட்டும் அன்று அந்த வசதி இல்லை. நல்ல உயரம், மீசை முளைக்க மறுத்த முகம். போன வாரம் பக்கத்து மேசைக்காரனின் தவளைப் படத்தை, அவன் கையெழுத்து உட்பட அப்படியே வரைந்து மாட்டிக்கொண்டான். "இன்னொரு தடவை காப்பின்னா பரீட்சை ஹாலுக்குள்ள கால் வைக்க முடியாது" என்று லேப் மேடம் சொல்லிவிட்டார். ஜெராக்ஸிடம் சொந்தமாக இருந்த ஒரே சரக்கு, என்றோ பிறக்கப்போகும் மகளுக்கு யோசித்து வைத்திருந்த பெயர். அதை எங்களிடம் சொல்லவே மாட்டான். காப்பியடித்துவிடுவோமாம்.

ஆக, வாழ்நாளில் முதல் முறையாக ஒரு வேலையைத் தானே செய்தான். சுரண்டிய வேகத்தைப் பார்த்து, "டேய், குச்சி அந்தப் பக்கமா வெளிய வந்துரும்" என்றேன்.

மேடம் வந்து கண்ணை வைத்தார். ஸ்லைடை நகர்த்தினார். மறுபடி நகர்த்தினார்.

"இது எந்தப் பொண்ணோட ஸ்லைடு?"

"என்னோடது மேடம்."

"எங்க பாத்தாலும் புள்ளி தெரியுது. உன்னோடதா?"

"சத்தியமா மேடம். நானே சுரண்டினேன். வாய் எரியுது."

வகுப்பே சிரித்தது. 'இல்லை' என்ற ஒற்றை வார்த்தைக்கும் காப்பியடித்து, அதையும் தப்பாக அடித்திருக்கிறானே. மேடம் சிரிக்கவில்லை. "எல்லாரும் வெளிய போங்க. நீயும் உன் கூட்டாளியும் இருங்க."

ஒன்றும் செய்யாமலே கூட்டுக்களவாணி ஆனேன்.

மேடமே புதுக் குச்சி எடுத்து அவன் கன்னத்தைச் சுரண்டினார். அவரே சாயம் விட்டார். திருடனைக் கையும் களவுமாகப் பிடிக்கப்போகிற கறார். குனிந்தவர் நெடுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது கறாரைக் காணோம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"உக்காருப்பா."

அவர் யாரையும் 'ப்பா' போட்டுக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

"நான் பொம்பளையா மேடம்?"

"இல்லடா. ஆம்பளைதான். எக்ஸ் ஒண்ணு கூடுதலா இருக்கும்னு தோணுது. நிறைய பேருக்கு இருக்கு, தெரியாமலே இருக்காங்க. இதை வச்சு மட்டும் முடிவு பண்ணக் கூடாது. ரத்தம் குடுத்து குரோமோசோமைப் பாக்கணும். ஹார்மோன் கம்மியா இருந்தா மருந்து இருக்கு."

"அதான் மீசை வரலையாடா?" என்று என்னிடம் கேட்டான். அந்த மீசையை வைத்து வகுப்பில் அதிகம் ஜோக்கடித்தவன் நான். தரையைப் பார்த்தேன்.

பிறகு மேடத்திடம், "கொழந்த?" என்றான்.

எந்தக் கேள்விக்கும் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுகிறவர், சாயப் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"இயல்பா வர்றது கஷ்டமா இருக்கலாம். வழி இருக்கு. டாக்டர்கிட்ட நானும் கூட வர்றேன்." கொஞ்சம் பொறுத்து, "எல்லார் முன்னாடியும் கேட்டது என் தப்புப்பா" என்றார்.

வெளியே மொத்த வகுப்பும் காத்திருந்தது. "யாருகிட்டடா காப்பியடிச்ச?" என்றான் ஒருவன்.

ஜெராக்ஸ் என்னைப் பார்த்தான். பின்னால் கதவைப் பூட்டிக்கொண்டிருந்த மேடத்தைப் பார்த்தான்.

"பொண்ணுங்க மேசையில சுட்டேன்டா. மாட்டிக்கிட்டேன்."

எல்லோரும் நிம்மதியாகச் சிரித்தார்கள். மேடம் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, பழைய கறார்க் குரலில் சொன்னார்: "நாளைக்குக் காலைல என் ரூமுக்கு வா. உனக்கு இருக்கு."

"சரி மேடம்" என்றான், கன்னத்தைத் தடவியபடி.