இரங்கல் பக்கத்தில் ஓர் அய்வார் ஜாடி

செர்பியாவின் லெஸ்கோவாட்ஸில் பிறந்தவள் அய்வார் என்னும் குடைமிளகாய்த் தொக்கைக் கடையில் வாங்கினாள் என்றால் அவள் மானம் கப்பலேறியது என்று அர்த்தம். இலையுதிர் காலத்தில் தெருவெல்லாம் சிவப்புக் குடைமிளகாய் சுடுவார்கள். சுட்டு, தோலுரித்து, அரைத்து, நாள் முழுக்கக் கிளறி ஜாடியில் அடைத்தால்தான் அவள் குடும்பப் பெண். இந்த வருடம் தெசாங்கா கிளறிக்கொண்டே போனில் ஊர்வம்பு பேசினாள். அண்டா அடிப்பிடித்துக் கரியாகிவிட்டது.

புருஷன் திஹோமிரிடம்கூடச் சொல்லாமல் இணையக் கடையில் ஒரு பெட்டி அய்வார் கேட்டாள். பக்கம் திறந்ததும் ஒரு கட்டம் வந்து மறைத்தது. உங்கள் நடமாட்டத்தைக் குக்கீ வைத்துக் குறித்துக்கொள்ளலாமா, கூட்டாளிகளுக்கும் சொல்லலாமா என்று கேட்டது. "எதையாவது குறிச்சுக்கோ, எனக்குச் சரக்கு வந்தா சரி" என்று எல்லாவற்றுக்கும் சம்மதம் கொடுத்தாள். வந்த ஜாடிகளை வெந்நீரில் ஊறவைத்து லேபிளை உரித்தாள், பெட்டியை எரித்தாள். கணினிக்குள் ஒட்டிக்கொண்ட குக்கீயை உரிக்க வேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

குடும்பப் புனிதர் நிக்கோலாவின் திருநாள் விருந்துக்கு நாத்தனார் மிலுங்காவும் வந்தாள். புருஷனை இழந்தவள், வாய் மட்டும் கத்தி. அய்வாரை ரொட்டியில் தடவித் தின்றுவிட்டு, "பரவால்லடி, இப்பதான் உனக்குக் கை பழகியிருக்கு" என்றாள். தெசாங்காவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

சாப்பாடு முடிந்ததும் மிலுங்கா கணினி முன் உட்கார்ந்தாள். உள்ளூர்ப் பத்திரிகையின் இரங்கல் பக்கத்தைப் படிக்காவிட்டால் அவளுக்குச் செரிக்காது. "யார் யார் போயிருக்காங்கன்னு பாப்போம்" என்று திறந்தாள். கறுப்புக் கட்டம் போட்ட இரண்டு கிழவர்களுக்கு நடுவே கொழுகொழுவென்று ஒரு ஜாடி நின்றது. 'போன மாதம் வாங்கிய அய்வார் தீர்ந்துவிட்டதா? அதே பெட்டி, மீண்டும்!'

"என்னடி இது?"

தெசாங்கா எட்டிப் பார்த்தாள். நாளை விடிவதற்குள் தெரு முழுக்கச் சிரிக்கும். "விளம்பரம் அண்ணி. எல்லாருக்கும் இதேதான் வரும்."

"எல்லாருக்குமா? அப்ப எனக்கும் வரணுமே!"

மிலுங்கா தன் போனை எடுத்து அதே பக்கத்தைத் திறந்தாள். அதே கிழவர்கள்தான். ஆனால் நடுவில் ஜாடி இல்லை. அக்கார்டியனை அணைத்தபடி ஒரு மீசைக்காரர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். 'நிஷ் நகரத்து ராடிசாவ் உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறார். அறுபதைத் தாண்டினால் என்ன, காதல் கசக்குமா?'

மிலுங்கா போனைக் கவிழ்த்து வைத்தாள். உதட்டுச்சாயம் பூசிய விதவைகளையெல்லாம் தேவாலய வாசலில் நிறுத்திக் கிழித்தவளுக்கு முகம் காது வரை சிவந்துவிட்டது.

"இது... எல்லாருக்கும் வர்றதுதான்" என்றாள்.

"ஆமா அண்ணி. எல்லாருக்கும் வரும்."

திஹோமிர் பிளம் சாராயத்தோடு உள்ளே வந்தான். "என்னக்கா, யாராச்சும் தெரிஞ்சவங்களா?"

"யாருமில்லடா! ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. உன் பொண்டாட்டி மாதிரி அய்வார் கிளற இந்த ஊர்ல ஒருத்தி கிடையாது. எவ கேட்டாலும் நான் சொல்லுவேன்."

அவன் பூரித்துப்போய் விருந்தாளிகளைக் கவனிக்கப் போனான். தெசாங்கா நாற்காலியை நாத்தனார் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு காதோடு சொன்னாள்:

"பதில் போடுங்க அண்ணி. பாவம், காத்துக்கிட்டிருக்காரு."