ஓட்டை எங்கே?

பெரியவள் தைத்த இடத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. அவள் தொழிலே அதுதான். ஆணியில் மாட்டிக் கிழிந்த கால்சட்டை, சிகரெட் நெருப்பு விழுந்த கோட்டு, பூச்சி தின்ற கம்பளிச் சட்டை, எது வந்தாலும் அதே துணியின் உள்மடிப்பிலிருந்து நாலைந்து இழைகளை உருவி எடுப்பாள். ஊசியில் கோத்து, குறுக்கும் நெடுக்கும் ஓட்டி, தறியில் நெய்தது போல் ஓட்டையை மூடிவிடுவாள். டார்னிங் என்று சொல்வார்கள். கடை என்று சொல்லிக்கொள்ள மாடிப்படிக்கு அடியில் ஓர் இடம் இருந்தது. நிமிர்ந்து எழுந்தால் தலை இடிக்கும்.

தெருமுனைச் சலவைக்கடைக்காரர்தான் அவளுக்கு வேலை அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் கடையை மூடிவிட்டு மகன் வீட்டோடு போய்விட்டார். அன்றிலிருந்து பெரியவள் கடையில் ஈ ஓட்டினாள். ஈயும் சில நாள் வரவில்லை.

அவள் புருஷன் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். அவர் பேச்சும் லிஃப்ட் மாதிரிதான், பொத்தானை அமுக்கினால்தான் வரும். ஒரு நாள் அமுக்காமலே வந்தது.

"பொட்டலம் கட்டுற கம்பெனில சொல்லி வெச்சிருக்கேன். ஒண்ணாம் தேதி சேந்துடு."

"சரிங்க" என்றாள். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்தக் கம்பெனிப் பெண்களின் கைகளை அவள் பார்த்திருக்கிறாள். அட்டைப்பெட்டி மடித்து, டேப் இழுத்து, விரல் நுனியெல்லாம் காய்த்துப்போயிருக்கும். அப்படிக் காய்த்த விரலில் இழை பிடிபடாது. அங்கே போனால், பிறகு திரும்பி வர இந்தத் தொழில் இருக்காது. இதை அவரிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

சொன்னது இளையவளிடம்தான். இளையவள் கொழுந்தனின் மனைவி. ஒரே வீட்டில் இரண்டு ஓரகத்திகள் இருந்தால் அடுப்பு தனியாகத் தேவையில்லை என்பார்கள். இவர்கள் வீட்டில் அப்படி இல்லை. பெரியவள் பேசமாட்டாள், இளையவள் நிறுத்தமாட்டாள், கணக்கு நேராகிவிட்டது. கல்யாணத்துக்கு முன் இளையவள் செல்போன் கடையில் வேலைக்கு நின்றவள்.

"அக்கா, வெளம்பரம் பண்ணிடுவோம்."

"வெறுங்கை மொழம் போடுமாடி? காசுக்கு எங்க போறது?"

"இதுக்கு மொழமே வேண்டாம், வெரல் போதும். போன்ல எல்லாம் சும்மாதான்."

சும்மாதான் நடந்தது. வரைபடத்தில் கடையின் இடத்தைக் குறித்தாள். கடைக்கென்று ஒரு பக்கம் திறந்தாள். சுற்றியிருந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்ஸப் குழுக்களில், தெரிந்தவர்களைப் பிடித்து உள்ளே நுழைந்தாள். படம் மட்டும்தான் பாக்கி.

"கிழிசலோட ஒண்ணு, தைச்சப்புறம் ஒண்ணு எடுப்போமா?"

பெரியவளுக்கு வந்ததே கோபம். "கிழிசலையா காட்டுவ? சமைக்கிறவ குப்பைத்தொட்டியைக் காட்டி விருந்துக்குக் கூப்பிடுவாளா? முடிஞ்ச வேலையைக் காட்டு."

முடிந்த வேலையைத் தேய்த்து, தூசி தட்டி, பிசிறு கிள்ளி, வெளிச்சத்தில் விரித்தாள். பழைய வாடிக்கையாளர் இன்னும் வாங்கிப்போகாத கால்சட்டை ஒன்று, கோட்டு ஒன்று. எங்கே கிழிந்திருந்தது என்று அவளுக்கே யோசிக்க வேண்டியிருந்தது. படங்கள் அவ்வளவு அழகாக வந்தன.

பதில்களும் மளமளவென்று வந்தன.

"கால்சட்டை என்ன விலை?"

"முப்பத்தாறு சைஸ் இருக்கா?"

"இதே நீலத்துல வருமா?"

ஓர் ஆள் நேரிலேயே வந்து, கோட்டை மாட்டிப் பார்த்து, "கை கொஞ்சம் நீளம்" என்றார்.

"அது வேற ஒருத்தரோடது சார்."

"வேற ஒருத்தரோடதை எதுக்கும்மா விக்கிறீங்க?" கோட்டைக் கழற்றி வீசாத குறையாக வைத்துவிட்டுப் போனார்.

காசு கட்டினால் இந்தப் படத்தை இன்னும் ஆயிரம் பேருக்குக் காட்டுகிறோம் என்று போன் ஆசை காட்டியது. இளையவளின் விரல் அதன் மேலே போய் நின்றது. அப்புறம் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஆயிரம் பேரு பாத்தா ஆயிரம் பேரும் சைஸ்தான் கேப்பாங்க. அக்கா, நீ ரொம்ப நல்லா தைச்சிட்டே. அதான் கோளாறு. ஓட்டையைக் காட்டாம நீ அடைச்சதை எப்படிக் காட்டுறது?"

பெரியவள் கோட்டை மடித்து வைத்தாள். இத்தனை வருஷம் மறைக்கத்தான் தெரிந்துகொண்டாள். மறைத்ததைக் காட்ட வேண்டிய நாள் வரும் என்று யாருக்குத் தெரியும்?

சரி, ஓட்டைக்கு எங்கே போவது? அந்த வாரம் வந்த ஒரே வாடிக்கையாளர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. படம் எடுக்கலாமா என்று கேட்டதும், "என் கிழிசலை ஊரே பாக்கணுமா?" என்று பையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வீட்டு அலமாரியைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். இழை ஓட்டுகிறவள் வீட்டில் கிழிந்த துணி ஏது?

பெரியவள் உள்ளே போனாள். பிறகு புதுச் சட்டை ஒன்றை எடுத்து வந்தாள். சாம்பல் நிறம், பூவோ கோடோ இல்லாதது. கம்பெனி வேலைக்கு அவள் போட்டுக்கொள்ளப் புருஷன் வாங்கி வந்தது.

"அக்கா, இதுவா? மாமா என்ன சொல்லுவாரு?"

"பூப்போட்ட துணில யாரு வேணா மறைக்கலாம். போனை வை. என் மூஞ்சி தெரியக் கூடாது, சொல்லிட்டேன்."

ஜன்னலோரம், மாவு டப்பாவில் சாய்த்து வைத்த போன். அதன் முன்னால் இரண்டு கைகள், ஒரு சட்டை. கத்தரிக்கோல் நடுநெஞ்சில் இறங்கியது.

"ஐயையோ! ஓரமா வெட்டுவேன்னு பாத்தா நெஞ்சிலேயே வெட்டிட்டியே!"

"ஓரத்துல வெட்டினா மடிச்சுத் தைச்சிட்டான்னு சொல்லுவாங்க. கத்தாம இருடி, எல்லாம் பதிவாகுது."

வேலை பாதியில் இருக்கும்போது புருஷன் வந்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"புதுசு" என்றார்.

"ஆமாங்க."

"நான் வாங்கினது."

"ஆமாங்க." நிமிராமலே சொன்னாள். கை மட்டும் நிற்கவில்லை. பிறகு, துணியைப் பார்த்துப் பேசுகிறவள் போல், "டேப் இழுத்து வெரல் காய்ச்சிப்போச்சுன்னா, அப்புறம் என்னால இது முடியாதுங்க" என்றாள்.

அவர் செருப்பைக் கழற்றினார். சுவரோரம் உட்கார்ந்து, கடைசி இழை வரை பார்த்தார். ஈரத்துணி போட்டுத் தேய்த்து முடித்ததும் இளையவள் சட்டையை அவர் மடியில் போட்டாள். உள்ளங்கையால் தடவினார். வெளிச்சத்துக்குத் தூக்கினார். திருப்பினார். மறுபடி தடவினார்.

"எங்க?" என்றார்.

அந்த ஒற்றைச் சொல்லோடு படம் முடிந்தது. இளையவள் அதன் மேல் "ஓட்டை எங்கே?" என்று எழுதி ஊரெல்லாம் அனுப்பினாள்.

குழுக்களில் பெரிய வழக்கே நடந்தது. பொத்தானுக்கு இடது பக்கம் என்றார் ஒருவர். நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், வலது பக்கம்தான் என்றார் இன்னொருவர். ஒரு பெரியவர், "ரெண்டு சட்டை வெச்சு ஏமாத்துறாங்க, இதெல்லாம் பித்தலாட்டம்" என்று எழுதினார். எழுதியதோடு நிற்காமல், நாய் கடித்த தன் கம்பளிச் சட்டையை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு அடியில் வந்து நின்றார்.

"என் கண் முன்னால தைம்மா, பாக்கலாம்."

ஸ்டூல் போட்டார்கள். உட்கார்ந்தார். பாதியில் தூங்கிவிட்டார். எழுப்பிக் கொடுத்தபோது, கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் சட்டையைத் துழாவினார். அன்று மாலை அவரே குழுவில் எழுதினார்: "சண்டை போடத்தான் போனேன். சண்டை போட ஓட்டை இல்லை."

அதற்குப் பிறகு கிழிசல் படங்கள் வரத் தொடங்கின. வெளியே தெரிந்தால் மானம் போச்சு என்று ஒளித்து வைத்திருந்ததையெல்லாம் விதவிதமான வெளிச்சத்தில் எடுத்து, "இதை மறைக்க முடியுமா?" என்று அனுப்பினார்கள். கேட்டவர்கள் எல்லாரும் வந்துவிடவில்லை. வந்தவர்களிலும் சிலர் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுவது போல் பேசினார்கள். ஆனாலும் மேஜையின் ஒரு பக்கம் துணி குவிந்தது.

"மழைக்காலம் முடியற வரைக்கும் இதையே பாப்போம், கம்பெனி அப்புறம்" என்றார் புருஷன்.

ஒன்றாம் தேதி காலையில் கம்பெனி மேற்பார்வையாளர் கூப்பிட்டார். புருஷன் போனைப் பெரியவளிடம் நீட்டினார். "நீயே சொல்லு."

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "நான் வரலைங்க. இங்க வேலை கெடக்கு."

"என்னம்மா வேலை, கம்பெனி வேலையை விட?"

சொன்னாள். அந்தப் பக்கம் குரல் இறங்கி வந்தது. "என்கிட்ட ஒரு நல்ல கோட்டு இருக்கு. முழங்கைல கிழிஞ்சு, ரெண்டு வருஷமா அப்படியே மாட்டி வெச்சிருக்கேன். அதெல்லாம் சரியாகுமா?"

பெரியவள் இளையவளைப் பார்த்தாள். அவள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பாக்காம எப்படிங்க சொல்றது? ஒரு படம் எடுத்து அனுப்புங்க. ஜன்னல் பக்கம் வெச்சு எடுங்க. கிழிசல் நல்லாத் தெரியணும்."