இன்னும் அளக்கப்படாத வீச்சு

வட்டுக்காரியின் எடை திங்கட்கிழமை காலை நூற்றுப் பதினான்கு கிலோ, செவ்வாய் காலை நூற்று இருபத்தாறு, புதன் காலை நூற்று நாற்பத்தொன்று. இதில் சந்தேகப்பட இடமில்லை. அவள் வேலை பார்த்தது பார்சல் கிடங்கின் எடைமேடையில். அந்த மேடை இரண்டு டன் வரை நிறுக்கும், வருடத்துக்கு ஒருமுறை அரசு ஆள் வந்து சோதித்து முத்திரை வைத்துவிட்டுப் போவார். காலையில் வேலைக்கு வந்ததும் வேடிக்கைக்கு ஒருமுறை அதில் ஏறி இறங்குவது கிடங்கில் எல்லோருக்கும் பழக்கம். அந்த மூன்று நாட்களில் அவள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. தையல்காரியான அவளுடைய அம்மா புதன்கிழமை நாடாவை எடுத்து மார்பு, இடுப்பு, தோள், கை என்று வரிசையாக அளந்தாள். எல்லாம் போன வருடம் நோட்டில் குறித்து வைத்த அதே அளவு, ஒரு நூல்கூடப் பிசகவில்லை. சட்டை பழையபடி பொருந்தியது. கட்டில்தான் உடைந்தது.

அவள் பெரிய உடம்புக்காரி என்பதில் வீட்டில் யாருக்கும் ஒளிவுமறைவு இல்லை. பிறந்தபோதே தாதி இரண்டு கையாலும் தூக்கினாளாம். பள்ளியில் ஓடச் சொன்னபோது கடைசியாக வந்தவள், ஒரு கிலோ வட்டைக் கையில் கொடுத்துச் சுழன்று வீசச் சொன்னபோது மைதானத்துச் சுவருக்கு வெளியே வீசினாள், அது யாரோ ஒருவருடைய வண்டிக் கண்ணாடியில் போய் விழுந்தது. அன்றிலிருந்து பதினெட்டு வருடம், கிடங்கு வேலைக்கு முன்னால் இரண்டு மணி நேரம், பின்னால் இரண்டு மணி நேரம் வீசிக்கொண்டிருந்தாள். நாட்டிலேயே இரண்டாவது இடம் வரை வந்தாயிற்று. முப்பத்திரண்டு வயது. அந்த மாதக் கடைசியில் நடக்கும் தேர்வுப் போட்டியில் ஐம்பத்தொன்பது மீட்டர் வீசினால் வெளிநாட்டுப் போட்டிக்கு அனுப்புவார்கள், வீசாவிட்டால் வயதைக் காரணம் காட்டி வழியனுப்பிவிடுவார்கள். அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான். வேறு எதற்கும் அவள் யாரிடமும் போய் நின்றதில்லை.

கனம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க அதிக நாள் ஆகவில்லை, ஏனென்றால் அது வந்த இடத்தில்தான் அவளுடைய தங்கை வேலை பார்த்தாள். நான்காவது மாடியில் இயங்கிய ஒரு செய்தித் தளம் அது. அதன் ஆசிரியரை எல்லோரும் தலைப்புக்காரர் என்றுதான் சொல்வார்கள். செய்தியை அவர் படித்ததாகத் தகவல் இல்லை, தலைப்பு மட்டும் போடுவார். திங்கட்கிழமை காலை அவர் ஒரு படம் போட்டார். வட்டை விடும் நொடியில் வட்டுக்காரியின் கன்னம் உப்பி, வயிறு சட்டைக்கு மேல் பிதுங்கி நிற்கும் படம். “நம் வரிப்பணத்தில் வளர்வது விளையாட்டா, உடம்பா?” என்பது தலைப்பு. கேள்விக்குறி போட்டுவிட்டால் யாரும் வழக்குப் போட முடியாது என்பது அவருடைய நம்பிக்கை. காலை பத்து மணிக்கு இகழ்ச்சி, மாலை நான்கு மணிக்கு அந்த இகழ்ச்சியைக் கண்டித்து ஒரு கட்டுரை, இதுதான் அலுவலக நடைமுறை. இரண்டையும் ஒரே இளைஞர் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பெயரில் எழுதினார். ஒருநாள் மாலைப் பெயரில் காலைப் பெயரை அவர் அப்படித் திட்டிவிட்டாராம், மறுநாள் காலை அவருக்கே மனசு சரியில்லை என்று விடுப்புப் போட்டுவிட்டார். வாசகர் கருத்துகளை அடுக்குவது தங்கையின் வேலை. ஒரு வசவு, ஒரு ஆதரவு, ஒரு வசவு என்று மாற்றி மாற்றி மேலே வைக்க வேண்டும். அப்போதுதான் வந்தவர்கள் சண்டை போட்டுக்கொண்டே அங்கேயே இருப்பார்கள். சம்பளம் நன்றாக இருந்தது, வீட்டு வாடகை அதில்தான் போயிற்று. அக்காவின் படத்துக்கு அடியிலும் அவள் அன்று அப்படித்தான் அடுக்கினாள். அடுக்கி முடித்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய் அழுதாள்.

எத்தனை பேர் எழுதினார்கள் என்ற எண் அலுவலகச் சுவரில் ஒரு பெரிய திரையில் ஓடும். தங்கை அதைத் துண்டுக் காகிதத்தில் எழுதி வந்தாள், அக்கா எடைமேடை எண்ணை எழுதி வந்தாள், சாப்பிடும்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மூவாயிரம் பேருக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் ஏறக்குறையச் சரியாக வந்தது. அம்மா இரண்டு காகிதத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். “உன் உடம்பு உங்கிட்ட அப்படியேதான்டி இருக்கு. இது ஊர்க்காரங்க பாரம்” என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றி அதிசயப்பட அந்த வீட்டில் யாருக்கும் நேரமில்லை. அடுத்த வாரம் இருநூற்றுப் பத்து ஆயிற்று. மாடிப்படியில் இரண்டு படி உடைந்தது, வீட்டுக்காரர் வந்து தரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, கோபமே இல்லாமல், கீழ் வீட்டு விட்டத்தில் விரிசல் விழுந்திருப்பதாகச் சொன்னார். வட்டுக்காரி போர்வையைச் சுருட்டிக்கொண்டு கிடங்குக்கே குடிபோனாள். அங்கே தரை லாரி நிற்கும் தரை. எழுந்து நிற்கவே மூச்சு வாங்கியது, இருந்தும் ஒருநாளும் பயிற்சியை விடவில்லை. கனத்தைத் தூக்கிக்கொண்டு சுழல வேறு மாதிரிக் கால் வைக்க வேண்டியிருந்தது, அதையும் பத்து நாளில் பழகிக்கொண்டாள். அவளுடைய பிடிவாதத்தைப் பற்றி நான் கூட்டிச் சொல்லவில்லை.

இந்த இடத்தில்தான் தங்கை ஒரு தப்பு செய்தாள். வெறுப்பில் எழுதினால் ஏறுகிறது என்றால் அன்பில் எழுதினால் இறங்க வேண்டும் என்று அவள் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டாள். இகழ்ச்சியும் கண்டனமும் ஒரே நாளில் வந்துகொண்டிருந்ததால் எது எவ்வளவு ஏற்றியது என்று அதுவரை யாரும் தனித்தனியாகப் பார்த்திருக்கவில்லை. தலைப்புக்காரர் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, தங்கை என்ற முறையில் மனதில் இருப்பதை எழுதும்மா, ஒரு எழுத்தைக்கூட வெட்ட மாட்டேன் என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். அக்கா அதிகாலையில் எழுந்து மழையில் வீசியதை, சைக்கிள் வாங்கச் சேர்த்த காசில் தங்கைக்குக் கண்ணாடி வாங்கித் தந்ததை, பேருந்தில் இரண்டு டிக்கெட் எடு என்று நடத்துநர் சொன்னபோது அக்கா சிரித்துக்கொண்டே எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டே இருந்ததை எல்லாம் எழுதினாள். நன்றாகவே எழுதியிருந்தாள். தலைப்பு மட்டும் அவருடையது: “என் அக்காவைக் கொல்கிறீர்கள்.” அன்று மாலைக்குள் ஒன்பது லட்சம் பேர் எழுதினார்கள். அதில் பெரும்பாலானோர் அழுதார்கள், மன்னிப்புக் கேட்டார்கள், அவளைத் தெய்வம் என்றார்கள், அப்படிச் சொல்லாதவர்களின் குடும்பத்தைத் திட்டினார்கள். எடைமேடை ஒரே நாளில் முந்நூற்று நான்கு கிலோ கூடுதலாகக் காட்டியது. அது யார் எதற்காக எழுதினார்கள் என்று பார்க்கவில்லை.

தங்கை கிடங்குக்கு ஓடி வந்தபோது வட்டுக்காரி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். படித்துவிட்டாயா என்று இவள் கேட்க, அவள் தலையாட்டினாள்.

“உனக்காகத்தான்க்கா எழுதினேன்.”

“தெரியும்டி. மத்தவங்க போட்டதைவிட அதான் கனமா இருக்கு. இனிமே என்னைப் பத்தி எழுதாதே. நல்லதும் வேண்டாம்.”

தங்கை மறுநாள் வேலைக்குப் போகவில்லை, அதற்கடுத்த நாளும் போகவில்லை. தொடர்ச்சி கேட்டுத் தலைப்புக்காரர் பன்னிரண்டு முறை போன் செய்தார். இவள் எடுக்கவில்லை என்பதும் ஒரு செய்தியாக வந்தது.

தேர்வுப் போட்டி நாளில் வட்டுக்காரியின் எடை எழுநூற்று முப்பத்தெட்டு கிலோ. பார்சல் வண்டியில் நிற்க வைத்து, பலகை போட்டு மைதானத்தில் இறக்கினார்கள். அதிகாரிகள் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். வட்டு எறிதலில் எடைக்கு உச்சவரம்பு கிடையாது என்பதால் அனுமதித்தார்கள். வீசும் வட்டம் சிமெண்டால் ஆனது, மூன்று பக்கமும் வலைக்கூண்டு. அவள் வட்டத்தின் பின்பாதியில் கால் வைத்தபோதே சிமெண்ட் முனகியது. தலைப்புக்காரர் ஆறு கேமரா வைத்திருந்தார், எல்லாம் அவள் வயிற்றின் உயரத்துக்குப் பொருத்தப்பட்டிருந்தன. அதனால் அந்த வீச்சை முழுதாகப் பார்த்தவர்கள் மைதானத்தில் இருந்த இருநூறு பேர் மட்டும்தான். ஒன்றரைச் சுற்று சுழன்றாள். இத்தனை பாரத்தையும் இடுப்பில் திரட்டி விரல்நுனி வழியாக விட்டாள். வட்டு ஐம்பத்தொன்பது மீட்டர் கோட்டைத் தாண்டி, தேசியச் சாதனைக்கு நட்டிருந்த கொடியையும் தாண்டி, புல்லில் போய் விழுந்தது. அது விழுந்த அதே நொடியில் அவள் காலடியில் சிமெண்ட் பிளந்து, இரண்டு காலும் முழங்கால் வரை உள்ளே இறங்கின.

இங்கே ஒரு விதியைச் சொல்ல வேண்டும். வீசியவர் வட்டு விழுந்த பிறகு, யாருடைய உதவியும் இல்லாமல், வட்டத்தின் பின்பாதி வழியாக வெளியே வர வேண்டும். வந்தால்தான் நடுவர் வெள்ளைக் கொடி தூக்குவார், அதற்கப்புறம்தான் நாடா பிடித்து அளப்பார்கள். வட்டத்துக்கு வெளியே முன்பக்கம் கை ஊன்றினாலோ அடுத்தவர் தூக்கிவிட்டாலோ சிவப்புக் கொடி, வீச்சு செல்லாது. வட்டுக்காரி நின்றது முன்பாதியில். ஒரு தவறும் செய்யவில்லை, வெளியேயும் வரவில்லை. கொடி நடுவர் நேர்மையான மனிதர், இரண்டு கொடியையும் கீழே பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரத்துக்குள் வெளியேற வேண்டும் என்று புத்தகத்தில் எங்கேயும் போடவில்லை. மீட்புப் படை சிமெண்ட் உடைக்கும் இயந்திரத்துடன் வந்தது. உடைத்தால் அது உதவி என்று நடுவர் வருத்தத்துடன் சொன்னார். அம்மா வலைக்கு வெளியே நின்று, ஒரு பதக்கமும் வேண்டாம், கையை ஊன்றிவிட்டு வீட்டுக்கு வந்து சேர் என்று கெஞ்சினாள். வட்டுக்காரி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

“வெளிய வந்தாத்தாம்மா அளப்பாங்க. வரேன். கொஞ்சம் நேரம் ஆகும்.”

தலைப்புக்காரர் பதினோரு நாள் நேரலை செய்தார். புதைந்து நிற்பவளைப் பார்த்துச் சிரிக்க ஒரு கூட்டம், சிரித்தவர்களைத் திட்ட ஒரு கூட்டம், எல்லாம் சேர்ந்து அவளைத் தொடை வரை இறக்கின. பன்னிரண்டாம் நாள் ஒரு பாடகரின் விவாகரத்து கிடைத்தது, கேமராக்கள் போய்விட்டன. கனத்தைப் போட்டவர்கள் போய்விட்டார்கள், போட்டது போகவில்லை. தலைப்புக்காரர் அந்தப் பணத்தில் ஐந்தாவது மாடியையும் வாங்கினார். அவர்மேல் ஒரு துரும்பும் விழவில்லை, அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. வருடா வருடம் அந்தப் போட்டி நாள் வரும்போதெல்லாம் பழைய படத்தை மறுபடியும் போடுவார், அன்று அவள் இரண்டு விரற்கடை கீழே போவாள்.

பத்து வருடம் ஆகிவிட்டது. பெண்கள் வட்டு எறிதல் நடந்துகொண்டிருப்பதாகத்தான் மைதானத்துப் பலகையில் இருக்கிறது. மற்ற போட்டிகளை அவளைச் சுற்றி நடத்துகிறார்கள், வட்டு வீசுபவர்களுக்கு மறுகோடியில் வேறு வட்டம் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். வட்டு விழுந்த இடத்தில் அடித்த ஆணியைச் சுற்றிப் புல் வெட்டுபவர் பார்த்து வெட்டுகிறார். பழைய நடுவர் ஓய்வு பெற்றபோது இரண்டு கொடியையும் புதியவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைத்தார். கூண்டைச் சுற்றி அம்மா தைத்துக் கொடுத்த திரை இருக்கிறது, வேண்டும்போது இழுத்து மூடிக்கொள்ளலாம். வட்டுக்காரி தினமும் காலையிலும் மாலையிலும் இரண்டு மணி நேரம் வலது காலை மேலே இழுத்துப் பார்க்கிறாள். சில நாள் ஒரு நகம் அளவு வருகிறது என்று புல் வெட்டுபவர் சொல்கிறார், ஆனால் அதை யாரும் வெளியே சொல்வதில்லை, சொன்னால் எழுதிவிடுவார்கள்.

அக்காவின் எடைமேடை வேலையில் இப்போது தங்கை இருக்கிறாள். வேலை முடிந்ததும் சாப்பாடு எடுத்துக்கொண்டு நேரே மைதானத்துக்கு வருவாள். லாரி தாமதமானது, அம்மாவுக்குக் கண் புரை, தண்ணீர்க் குழாய் ரிப்பேர் என்று எல்லாம் பேசுவார்கள், வட்டுக்காரியைப் பற்றி மட்டும் பேசமாட்டார்கள். ஆரம்பத்தில் தங்கை நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசினாள். நடுவில் சில வருடம் ஒரு குட்டை முக்காலி கொண்டு வந்தாள். இந்த வருடத்திலிருந்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால்தான் இரண்டு பேர் முகமும் நேருக்கு நேர் வருகிறது.