தேயாத சப்பாத்து

ஹோல் கட்டிலுக்கடியில் கிடந்தவற்றை அருந்ததி ஒவ்வொன்றாக இழுத்து வெளியே போட்டாள். இன்னும் அரை மணித்தியாலத்தில் அப்பாவின் சவப்பெட்டி வந்துவிடும். கட்டிலைக் கழற்றினால்தான் வைக்க இடம்.

கடைசியாக வந்தது அவர் நடக்கப் போகும் சப்பாத்து. கயிற்றுக்கடியிலிருந்த நாக்கின் உட்புறத்தில் வாங்கிய திகதி பேனையால் எழுதியிருந்தது: பெப்ரவரி 3. இப்போது ஜூலை முடிகிறது. ஏனென்று தெரியாமலே திருப்பிப் பார்த்தாள். அடியிலிருந்த வெட்டுகள் புதுக்கருக்குக் குலையாமல் ஆழமாக இருந்தன. குதியோரம்கூடத் தேயவில்லை.

சலரோகத்துக்கு டொக்டர் நடக்கச் சொன்ன நாள்முதல் அப்பா சிவபாதசுந்தரம் விடிய ஐந்தேகாலுக்கு வெளிக்கிட்டு ஏழு மணிக்குத் திரும்புவார். வெள்ளவத்தைக் கடற்கரையோரம் நடை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுச் சப்பாத்து. "அடி தட்டையானாப் பிறகும் நடந்தால் முழங்கால்தான் தேயும்" என்பார்.

மூன்று வருடத்துக்கு முன் பொலிசின் சுற்றிவளைப்பில் பிடிபட்ட தம்பி சிவபாலன், பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தான். அடுத்த மாதமே கனடா போனான். அதன்பிறகு வீட்டு வாசலோடு போகும் ஒழுங்கையிலிருந்த லொட்ஜுகளில் புதிதாக வந்து தங்கிய இளம் பெடியள் ஒவ்வொருவராகப் பிடிபட்டார்கள். போன வருடம் வாசல் கேற்றுக்குக் கீழால் ஒரு துண்டுக் கடதாசி வந்தது. 'தலையாட்டி' என்ற ஒரே சொல். அருந்ததி கிழித்து எறிந்தாள். பொலிசுக்கு ஆள் காட்டிக்கொடுக்க அப்பாவுக்கு நேரமேது? அவர்தான் கடற்கரையில் நடக்கிறாரே.

சப்பாத்தைப் பையில் போட்டு முடிந்தாள். அம்மாவிடம் காட்டவில்லை.

பதினொரு மணிக்குச் சப்பாத்துக்கடைத் தாஸிம் வந்தார். பெட்டியருகே தொப்பியைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் நின்றார்.

"தேஞ்ச சப்பாத்தத் தூக்கிட்டு வருவாரு மகள். பெருவெரலால அமத்திக் காட்டி, 'தாஸிம், இது செத்துப்போச்சு' எண்டுவாரு. சப்பாத்துக்கு மையத்துப் பாக்குற ஒரே ஆள் நீங்கதான் எண்டு நான் பகிடி பண்ணுவன்."

"கடைசியா எப்ப கொண்டு வந்தவர்?"

தாஸிம் யோசித்தார். "மூணு வருஷமாக் கொண்டு வரல்லயே. புதுச மட்டும் வாங்கிட்டுப் போவாரு. பழசு எங்க எண்டு கேட்டா, குடுத்திட்டன் எண்டுவாரு."

அவள் உள்ளே போய்ப் பையின் முடிச்சை இன்னொருமுறை இறுக்கினாள்.

மத்தியானம் வெள்ளைச் சேட் போட்ட ஒருவர் வந்தார். ஒட்ட வெட்டிய தலைமயிர். நிமிர்ந்து நின்று பெட்டியைப் பார்த்து, சிங்களம் கலந்த தமிழில் சொன்னார்.

"நல்ல மாத்தயா, நல்ல ஐயா. அஞ்சரை எண்டா அஞ்சரைதான். மழை வந்தாலும் வாற."

அம்மா நாகேஸ்வரி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இவரோட நடக்கிறனீங்களே தம்பி?"

அவர் அருந்ததியைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம், "ஓம் அம்மா" என்றார்.

அருந்ததி கேற்வரை அவர் பின்னால் போனாள். "நீங்கள் ஆர்?"

"பொலிஸ்." குரலைத் தாழ்த்தினார். "மகன் கனடாவில சுகம்தானே? நாங்க சொன்ன மாதிரி விட்டம். மாத்தயாவும் சொன்ன மாதிரி வந்து லொட்ஜ் ஆள்கள்ட பேர் குடுத்தார். ஒரு நாளும் ஏமாத்த இல்ல."

அவர் போனபிறகும் அவள் கேற்றைப் பிடித்தபடி நின்றாள். எதிர்வீட்டு ஜன்னல் சாத்தியிருந்தது. அதற்கடுத்த வீட்டிலும் சாத்தியிருந்தது.

மூன்று மணிக்கு, வத்தளையிலிருந்து வந்த நாலு உறவுக்காரரும் பெட்டி கொண்டுவந்த பார்லர் ஆட்களும் பெட்டியைத் தூக்கிப் போனார்கள். அம்மா குளிக்கப் போயிருந்தாள். டெலிபோன் அடித்தது.

"அக்கா." சிவபாலன் அழுதுகொண்டிருந்தான். "கொள்ளி வைக்கக்கூட என்னால வர ஏலேல்லை. என்னை வெளியில எடுத்துவிட்ட மனுசன். ஆரைப் பிடிச்சு எடுத்தவர் எண்டு கடைசிவரைக்கும் சொல்லேல்லை. அம்மாட்டயாவது சொன்னவரே?"

"இல்லைத் தம்பி."

"சரி விடு. சனம் வந்ததே?"

"ஓம்."

"ஒழுங்கைச் சனமெல்லாம்?"

டெலிபோன் கம்பிக்குள் கடல் இரைவதுபோல் ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது.

"ஓம் தம்பி. எல்லாரும் வந்தவை."

வருபவர்கள் இருக்கவென்று காலையில் வாடகைக்கு இறக்கிய கதிரைகள் முற்றத்தில் அடுக்குக் குலையாமல் நின்றன. கொண்டுவந்தவன் அவற்றை அப்படியே தூக்கி லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தான்.