எண்பத்திரண்டு சதவீதம்

நீதியின் நெடிய வரலாற்றில் ஒரு மைல்கல் நடப்பட்ட செய்தி இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுகிறது. நடப்பட்ட இடம், பல்கலைக்கழக நூலகத்தின் இரண்டாம் மாடி, கழிவறைக்குப் பக்கத்து மேசை. நட்டவன், சமூகவியல் மூன்றாம் ஆண்டு மாணவன். வகுப்பில் அவனை ஜட்ஜ் என்று கூப்பிடுவார்கள். மரியாதையால்தான் என்று அவன் நம்பிவந்தான்.

மைல்கல் என்பது ஓர் அட்டவணை. நாலு பேர் சேர்ந்து செய்யவேண்டிய ஆய்வில் யார் எவ்வளவு உழைத்தார்கள் என்ற கணக்கு. பக்கம் பக்கமாக எண்ணியதில் அவன் பங்கு எண்பத்திரண்டரை சதவீதம் வந்தது. தற்பெருமை ஆகாது என்று அரையைத் தள்ளுபடி செய்தான். மிச்சத்தை மற்ற மூவருக்கும் பாரபட்சமில்லாமல் ஆளுக்கு ஆறாகப் பிரித்துக் கொடுத்தான்.

ஆய்வின் தலைப்பு, ‘பல்கலைக்கழக மாணவர்களின் தனிமை.’

அந்த மூவர் நெட்டையன், தூங்குமூஞ்சி, பாட்டுக்காரி. மூவரும் ஒரு மாதமாகக் கேன்டீனில்தான் குடியிருந்தார்கள். தினம் ஒரு மேசை, தினம் யாராவது புது ஆள், ஓயாத சிரிப்பு. அது நூலக ஜன்னல்வரை ஏறி வரும். அவர்கள் சிரிக்கச் சிரிக்க இவன் முன்னுரை நீண்டது. ஆரம்பத்தில் இரண்டு முறை கூப்பிட்டார்கள். வேலை இருக்கிறது என்று, நாட்டையே நிர்வகிப்பவன்போலச் சொல்லி அனுப்பினான். மூன்றாவது முறை கூப்பிட்டால் போவதாக இருந்தான். கூப்பிடவில்லை. அதன் பிறகுதான் அவனுக்கு நீதியின்மேல் பற்று வந்தது.

அட்டவணையைப் பேராசிரியை மூக்குக் கண்ணாடியைத் தூக்காமலே படித்தார். விதியில் இடமிருக்கிறது, பிரிந்து தனியாகச் சமர்ப்பிக்கலாம், மதிப்பெண் முழுக்க அவனுக்கே என்று சொல்லி ஒரு படிவத்தை நீட்டினார். அவன் பேனாவைத் திறந்தான்.

“பேட்டியெல்லாம் யாருப்பா எடுத்தது?”

“அவங்கதான் மேடம். ஆனா அது சும்மா கேன்டீன்ல உக்காந்து பேசுறது.”

“எத்தனை பேர்கிட்ட?”

“முப்பத்தொன்பது.”

“நீ எத்தனை பேர்கிட்ட பேசுன?”

நினைவைத் துழாவிப் பார்த்தான். ஒரு மாதத்தில் தேறியவர் நூலகர் ஒருவர்தான். அதுவும் மின்விசிறி சத்தம் போடுகிறது என்ற புகார்.

படிவத்தில் ‘குழு உறுப்பினர்கள்’ என்று போட்டு நாலு கோடுகள் இருந்தன. முதல் கோட்டில் அவன் பெயரை எழுதலாம். மீதி மூன்றையும் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு பேனாவை மூடி, படிவத்தை அவர் மேசையிலேயே வைத்துவிட்டுக் கீழே இறங்கினான்.

படிக்கட்டில் இறங்கும்போதே ஒரு சமாதான உரை தயாரானது. மூன்று அம்சங்கள், நடுவில் ஒரு பெருந்தன்மை. கேன்டீனில் பாட்டுக்காரி அவனை வாயைத் திறக்கவே விடவில்லை.

“வாங்க ஜட்ஜு. நாப்பதுக்கு ஒண்ணு குறையுது. நீ பதில் சொல்லு.” கேள்வித்தாளைப் பிரித்தாள். “யாரோட சாப்பிடுவ?”

“இது என்ன கேள்வி? தெளிவாவே இல்லையே.”

“எழுதுனது நீதாண்டா,” என்றான் நெட்டையன். “நீ எழுதுன ‘உணவருந்துவீர்கள்’ யாருக்கும் புரியல. நாங்கதான் இப்படிக் கேட்டுக்கிட்டு திரியுறோம்.”

அவள் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள். விருப்பப்பட்டு, கொள்கை அடிப்படையில், நேர நெருக்கடியால் என்று மூன்று பதில்கள் தொண்டைவரை வந்து திரும்பின.

“தனியா,” என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. அவள் எழுதிக்கொண்டாள். தூங்குமூஞ்சி கண்ணைத் திறக்காமலே, பக்கத்து நாற்காலியிலிருந்த தன் பையைத் தரையில் இறக்கி வைத்தான்.

ஜட்ஜ் உட்கார்ந்தான். விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடர்ந்தது. ஒரு மாதமாக ஜன்னலோரம் நின்று அவன் ஏங்கிய பேச்சு, இப்போது காதுக்குப் பக்கத்திலேயே.

முக்கால் மணி நேரமும் செருப்பைப் பற்றித்தான் பேசினார்கள்.